நான் யாருக்கு வாக்களித்தேன் என்று கணவருக்குச் சொல்ல வேண்டுமா?

யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் அரசப் பாடசாலை ஆசிரியை. வயது முப்பதுகளின் நடுவில். இரண்டு பிள்ளைகள். இருப்பது சீதனமாகக் கிடைத்த வீட்டில். கணவரின் பெற்றோரும் கூடவே இருக்கிறார்கள். கணவரின் தம்பி 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அன்றிலிருந்து மாமா தேர்தல் என்றால் உணர்ச்சிவசப்படுகிறவராகிவிட்டார். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் வாரம் வீட்டில் எல்லாரையும் சாமி அறைக்குக் கூப்பிட்டு, கற்பூரம் கொளுத்தி, தமிழ்ப் பொது வேட்பாளருக்கே வாக்களிப்போம் என்று சத்தியம் வாங்கினார். வாக்காளர் அட்டைகளை மாமி சாமிப்படத்தடியில் வைத்திருந்து, தேர்தல் நாள் காலையில் திருநீறு பூசி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். சகோதரி வேறொருவருக்கு வாக்களித்தார். யாருக்கு என்று எனக்கும் எழுதவில்லை. நல்லது, எனக்கும் அது தேவையில்லை.

சில மாதம் கழித்து மச்சாளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது கணவர் காதுக்குப் போனது. "என்ர வீட்டில இருந்துகொண்டு என்ர தம்பிக்கே துரோகம் செய்தனீயோ?" என்று கேட்டவர், அதன்பிறகு பல வாரம் பேசவில்லை. போனை வாங்கி முகநூல் கணக்கை அழித்தார். தடுத்தபோது கையைப் பிடித்து முறுக்கினார். "அது அடி இல்லை, கோபத்தில் நடந்தது" என்கிறார் சகோதரி. அடுத்த முறை வாக்குச்சீட்டைப் படம் எடுத்து வந்து காட்டச் சொல்லலாம் என்று கணவரின் நண்பர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வாக்குச்சீட்டில் இலக்கம் இருப்பதால் எப்படியும் கண்டுபிடிக்கலாம் என்றும் பயமுறுத்தியிருக்கிறார்.

இதற்கிடையில் ஒரு கட்சிக்காரர் வந்து, அடுத்து வரும் தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் பெண்கள் எண்ணிக்கையை நிரப்ப ஆள் வேண்டும், "பேரை மட்டும் தாங்கோ ரீச்சர், மற்றதை நாங்கள் பாக்கிறம்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள் இவை: நான் செய்தது துரோகமா? கணவரால் கண்டுபிடிக்க முடியுமா? ஆசிரியையாக இருந்துகொண்டு அரசியல் கருத்து எழுதலாமா? இனத்தின் பிரச்சினை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது பெண் சமத்துவத்தை யோசித்து வாக்களிப்பது சுயநலமா? கடைசியாக ஒன்று: "உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. 2024 இல் ஒரு பெண்ணாவது நின்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவருக்குத்தான் போட்டிருப்பேன். அது சரிதானே?"

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மனதை அரிக்கிற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு சுதந்திரமானதாகவும் சமமானதாகவும் இரகசியமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பதினெட்டு வயதான ஒவ்வொரு பிரஜைக்கும் ஒரு வாக்கு. அதை யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனச்சாட்சியோடு முடிந்த விஷயம்.

"சத்தியம் செய்துவிட்டு மீறினேனே" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தியத்தை நீங்களாக விரும்பிச் செய்யவில்லை. எல்லார் முன்னாலும் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக் கேட்டால் மறுக்கக்கூடிய மருமகள் எத்தனை பேர்? 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டம் இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. ஒருவரைக் குறிப்பிட்ட விதமாக வாக்களிக்கச் செய்வதற்காகப் பலாத்காரம் செய்வதும், செய்வேன் என்று பயமுறுத்துவதும் மட்டும் அல்ல, ஆன்மிக ரீதியான கேடு வரும் என்று பயமுறுத்துவதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் வருகிறது. வேட்பாளர் செய்தாலும் குற்றம், வீட்டுக்காரர் செய்தாலும் குற்றம். மாமாவை நீதிமன்றத்துக்கு இழுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மகனைத் தொலைத்த தகப்பன் அவர், அந்த வலியை நான் சிறிதாக எடுக்கவில்லை. ஆனால் சாமியின் பெயரால் வாங்கிய வாக்குறுதி உங்களைக் கட்டுப்படுத்தும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வாக்குச்சீட்டில் தொடர் இலக்கம் இருப்பது உண்மை. சீட்டைக் கிழித்துத் தரும்போது வாக்காளர் இடாப்பில் உள்ள உங்கள் இலக்கத்தை அடிக்கட்டையில் குறிப்பதும் உண்மை. ஆள்மாறாட்டம் நடந்ததாக வழக்கு வந்தால் நீதிமன்றம் ஆராய்வதற்காக வைத்திருக்கிற ஏற்பாடு அது. அடிக்கட்டைகள் தனியாக முத்திரையிட்ட பொதிக்குள் போகும். எண்ணுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அவை கிடைக்காது. உங்கள் கணவருக்கோ, அவருடைய நண்பருக்கோ, எந்தக் கட்சிக்காரருக்கோ அவற்றைத் திறக்கும் அதிகாரம் இல்லை.

படம் எடுக்கிற யோசனை இன்னும் மோசம். வாக்களிப்பு நிலையத்துக்குள் கைப்பேசி பாவிப்பதும் படம் எடுப்பதும் தடை. அகப்படப்போவது நீங்கள்தான், யோசனை சொன்னவர் வீட்டில் இருப்பார். "கூடவே வந்து நானே புள்ளடி போடுறன்" என்று ஒருநாள் கணவர் சொன்னாலும் அதுவும் நடக்காது. கண்பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான், உரிய ஒழுங்குப்படி, உதவியாளர் ஒருவரை அனுமதிப்பார்கள்.

அட்டையைப் பற்றியும் ஒரு விஷயம். மாமியின் கையில் இருந்தது வாக்காளர் அட்டை. அது இல்லாவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். கட்டாயம் வேண்டியது தேசிய அடையாள அட்டை போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம். அதை எப்போதும் உங்கள் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

"யாருக்குப் போட்டாய்?" என்று மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. "அது இரகசிய வாக்கு, நீங்கள் யாருக்குப் போட்டனீங்கள் எண்டு நானும் கேக்கேல்ல" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதைக் கள்ளத்தனம் என்று நினைக்கிறீர்கள். இரகசிய வாக்களிப்பு என்ற ஏற்பாடே உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களைப் பாதுகாப்பதற்காக வந்தது.

இனமா, பெண்ணா?

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். "இனத்தின்ர பிரச்சினை முதல்ல தீரட்டும், பிறகு பெண்களின்ர பிரச்சினையைப் பாப்பம்" என்று மாமா சொல்வாராம். உங்களுக்கும் அதில் பாதி சரி போலவே தோன்றுகிறது.

மாமாவின் அரசியல் தெரிவை நான் குறை சொல்லமாட்டேன். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு 226,343 பேர் வாக்களித்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி வேண்டும், அரசியல் தீர்வு வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்ல அவர்கள் தேர்ந்த வழி அது. அதற்கு வாக்களிக்காத தமிழர்களும் ஏராளம். அவர்கள் எல்லாரும் இனத்தை மறந்தவர்கள் இல்லை. அதே நீதியை வேறு வழியில் தேடியவர்கள் இருந்தார்கள். சம்பளம், பொருள் விலை, ஊழல் என்று யோசித்தவர்கள் இருந்தார்கள். நீங்களும் அப்படி ஒரு காரணத்தோடு போயிருப்பீர்கள்.

பெண்ணின் பிரச்சினை பிறகு என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கி வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார். அதே வருடம் கேப்பாப்புலவில் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு முகாம் வாசலில் இரவு பகலாக இருந்தவர்களிலும் பெண்களே முன்னுக்கு நின்றார்கள். போராட்டத்தின் முன்வரிசைக்கு வரும்போது யாரும் அவர்களைப் பார்த்து "பிறகு வாருங்கோ" என்று சொல்லவில்லை. வேட்பாளர் பட்டியல் போடும்போதும், கட்சியின் மத்திய குழு கூடும்போதும்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாமாவின் மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அலைந்தது மாமிதான். அந்த மாமியிடம் யாருக்கு வாக்களிக்கலாம் என்று யாராவது அபிப்பிராயம் கேட்டார்களா?

நூறு வருடத்துக்கு முந்திய கதை ஒன்றையும் சொல்லவேண்டும். இலங்கையின் அரசியலமைப்பைத் திருத்துவது பற்றி ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இங்கே வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டது. அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னார் சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா. அதே நேரத்தில், மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். பெண் படிக்கலாம், தீர்மானிக்கக்கூடாது என்ற அந்த நினைப்பு உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஆசிரியையாக உங்கள் சம்பளம் வீட்டுக்கு வேண்டும், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். 1931 இல் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்று அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். தமிழ்ப் பெண்ணின் அரசியல் நேற்று முளைத்தது இல்லை.

இன்னொரு நடைமுறைத் தகவல் உங்கள் வீட்டுச் சண்டையையே கொஞ்சம் தணிக்கக்கூடும். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும்தான் போடலாம், இரண்டாவது பேருக்கும் குறித்தால் செல்லாது என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. மூன்று பேர் வரை 1, 2, 3 என்று விருப்ப ஒழுங்கில் இலக்கமிடலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து, அவற்றில் இந்த இருவரில் யாருக்காவது அடுத்த விருப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பார்கள். 2024 இல்தான் முதல் தடவையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. அனுர குமார திசாநாயக்கவுக்கு முதலில் 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். விருப்பு வாக்குகளைச் சேர்த்த பிறகே முடிவு அறிவிக்கப்பட்டது. ஆகவே மாமாவின் வேட்பாளருக்கு 1 போடுகிற ஒருவர், ஆட்சிக்கு வரக்கூடியவர்களில் தனக்கு உடன்பாடானவருக்கு 2 போடலாம். இனத்தின் குரலையும் நாட்டின் ஆட்சியையும் ஒரே சீட்டில் யோசிக்க இடம் இருக்கிறது. யாரை எங்கே போடுவது என்பது உங்கள் வேலை, நான் அதற்குள் வரமாட்டேன்.

பெண் வேட்பாளர் என்பதற்காகவே போடலாமா?

இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை சகோதரி. 2024 இல் வேட்புமனு ஏற்கப்பட்ட 39 பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பது வெட்கப்படவேண்டிய விஷயம்தான். 2019 இல் 35 பேரில் அஜந்தா பெரேரா மட்டும். வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிற நாட்டில் இப்படி. ஆனால் பெண் ஒருவர் உச்சியில் இருந்தாலே பெண்களின் வாழ்க்கை மாறிவிடும் என்று நம்புவதற்கு நம் வரலாறு இடம் தரவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் பிரதமரானார். அவருடைய மகள் சந்திரிகா 1994 முதல் 2005 வரை ஜனாதிபதியாக இருந்தார். 1994 தேர்தலில் சந்திரிகாவை எதிர்த்து நின்ற பிரதான வேட்பாளர் சிறிமா திசாநாயக்க, தேர்தலுக்குச் சில வாரம் முன்பு கொல்லப்பட்ட காமினி திசாநாயக்கவின் மனைவி. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் பெண்களே போட்டியிட்ட அந்தத் தேர்தலின்போதும் நாடாளுமன்றத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். 2024 நவம்பரில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியதே பெரிய பாய்ச்சல். 225 பேரில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேட்பாளர் ஆணா பெண்ணா என்பதைவிட, அவர் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டையே எடுங்கள். "என்ர வீடு" என்றார் கணவர். வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. அது உங்கள் சீதனம், உங்கள் தனிச்சொத்து. அவர் உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கு அதை விற்கவோ நன்கொடையாக எழுதவோ நினைத்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவர் தன் தனிச்சொத்தை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான்.

இது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு எதிரானது இல்லையா என்று கேட்பீர்கள். பால் காரணமாகப் பாகுபாடு கூடாது என்று அந்த உறுப்புரை சொல்வது உண்மை. ஆனால் 16ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று சொல்லி அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் நான் எவ்வளவு வாதாடினாலும் அந்தச் சுவரில் போய் முட்டத்தான் வேண்டும். சட்டத்தை நாடாளுமன்றம்தான் மாற்றவேண்டும். மனைவியின் சம்மதமில்லாமல் கணவர் உறவு கொள்வது, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட தம்பதி என்றால் மட்டுமே வன்புணர்வு என்று தண்டனைச் சட்டக்கோவை இன்றும் சொல்கிறது. அதுவும் அப்படித்தான். அமைச்சரவைக்குத் தலைமை வகிக்கிற ஜனாதிபதி விரும்பினால் இப்படியான திருத்தங்கள் வேகமாக மேசைக்கு வரும், விரும்பாவிட்டால் கோவைக்குள்ளேயே கிடக்கும். "பெண் சமத்துவத்துக்கும் ஜனாதிபதித் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்கள் கணவர் கேட்டாராம். உறுதியை எடுத்து மேசையில் வைத்து இதைச் சொல்லுங்கள்.

ஆசிரியையாக எழுதலாமா, பட்டியலில் பெயர் கொடுக்கலாமா?

வாக்களிப்பதும் பொதுவில் கருத்து எழுதுவதும் ஒன்றல்ல. வாக்கைப் பற்றி யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. பேச்சுச் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது, ஆனால் அரச அலுவலர் என்ற வகையில், அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பாகிய தாபன விதிக்கோவையும் உங்களுக்குப் பொருந்தும். அதன் 32ஆம் அத்தியாயம் அரச அலுவலர்களை அரசியல் உரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்கிறது. உங்கள் சேவையும் தரமும் எதில் வருகிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்தப் பிரிவானாலும் பாடசாலை நேரத்திலோ வகுப்பறையிலோ பிரசாரம் வேண்டாம். சட்டங்கள் பெண்களை எப்படி நடத்துகின்றன என்று பொதுவாக எழுதுவதற்கும், இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் மனதில் வைத்திருங்கள்.

அதிபரிடம் சொல்லி இடமாற்றம் வாங்கித் தருவேன் என்று கணவர் மிரட்டியதற்கு நீங்கள் பயப்படவேண்டாம். அரசியல் அபிப்பிராயத்துக்காக அரச அதிகாரி ஒருவர் உங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தால் அது 12ஆம் உறுப்புரையை மீறும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும், இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டு வந்து அழுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்: இந்த மனு அரசுக்கும் அதன் அதிகாரிகளுக்கும் எதிரானது. வீட்டுக்குள் கணவர் செய்வதற்கு எதிராக இதைப் போட முடியாது, அதற்கு வழி வேறு.

கட்சிக்காரர் விஷயம். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதலாக 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அந்த மன்றங்களில் நூற்றுக்கு இரண்டு பெண்கள் அளவில்தான் இருந்தார்கள். ஆகவே ஒதுக்கீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதில் வந்து நன்றாக வேலை செய்கிற பெண்களைத் தெரியும். ஆனால் "பேரை மட்டும் தாங்கோ" என்று கேட்பவருக்குப் பெயரைக் கொடுக்காதீர்கள். எந்த வட்டாரம், பட்டியலில் எந்த இடம், செலவு யாருடையது, வென்றால் கூட்டத்தில் என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவருக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து மட்டும்தான். பதில் நேராக வந்தால் யோசிக்கலாம். 2013 வட மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலமைச்சர் வேட்பாளருக்கு அடுத்தபடியாக அதிக விருப்பு வாக்கு எடுத்தவர் ஒரு பெண், அனந்தி சசிதரன். நம் சனம் பெண்ணுக்குப் போடாது என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

கையை முறுக்கியது அடிதான்

இதை நீங்கள் நாலு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் கடக்கமாட்டேன். வலி உண்டாகும்படி கையை முறுக்குவது உடல் ரீதியான வன்முறை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் அது வரும். கொடுமையான, இழிவுபடுத்துகிற நடத்தை தொடர்ந்து பாரதூரமாக இருந்தால் உள ரீதியான துன்புறுத்தலும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தேவை அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும், முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை இருக்கலாம். கட்டளை கேட்பதால் திருமணம் முறிந்துவிடாது, கணவர் உடனே சிறைக்கும் போகமாட்டார். கட்டளையை மீறினால்தான் தண்டனை.

இப்போதே அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை நடந்தது, அவர் வெட்கப்பட்டுப் பிள்ளைகள் முன் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியைத் தேடித் தேடிக் களைத்த மனிதர், அந்தக் கோபத்தை உங்கள் மேல் இறக்கியிருக்கிறார். காரணம் புரிகிறது, அதனால் செய்தது சரியாகிவிடாது. வீட்டில் மாமா, மாமி இல்லாத ஒரு நேரத்தில் பேசிப் பாருங்கள். யாருக்கு வாக்களித்தேன் என்பதில் தொடங்காதீர்கள், அதில் தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "தம்பியை நானும் மறக்கேல்ல. ஆனா என்ர போனை எடுத்ததும் கையை முறுக்கினதும் எனக்கு இன்னும் நோகுது, இனி அப்பிடி நடக்கக்கூடாது" என்று சொல்லுங்கள். மாமியிடமும் தனியாகப் பேசுங்கள். அவருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களில் யாருக்கும் தெரியாது என்றே எனக்குப் படுகிறது.

அதேநேரம் நடந்த திகதியை எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் அக்காவாக இருந்தாலும் சரி, சொல்லி வையுங்கள். இன்னொரு தடவை கை நீண்டால் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போய்க் காயத்தைப் பதியுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்குப் போங்கள். உங்கள் சம்பளம் போகிற வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். வீட்டு உறுதியின் ஒரு பிரதியை அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சிறிய வேலை. வாக்காளர் இடாப்பை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறார்கள். வீட்டுக்கு வரும் படிவத்தை இத்தனை வருடமும் மாமாதான் நிரப்பிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029 இல் என்றாலும் மாகாண சபைத் தேர்தல் அதற்கு முன்னரே வரலாம். இந்த வாரம் பாடசாலை விட்டு வரும் வழியில் கிராம அலுவலரிடம் ஏறி, இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா, அடையாள அட்டை இலக்கம் சரியா என்று நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் உரிமைக் கோரிக்கைக்கான கடைசித் திகதியையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.